நான்கு பேர் மிஞ்சும்போது ஏஸ்-ஜாக்கை என்ன செய்வது?

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஒன்பது பேர் ஒரே டேபிளில் உட்கார்ந்து, ஒருவர் மிஞ்சும்வரை ஆடும் சின்னப் போக்கர் போட்டிகளை, அதாவது 'சிட் அண்ட் கோ' ஆட்டங்களை, அவர் ஆடி வருகிறார். ஆளுக்கு 10 நுழைவுத் தொகை, நடத்துபவருக்கு 1 கட்டணம். சேரும் 90-ல் முதலிடத்துக்கு 45, இரண்டாமிடத்துக்கு 27, மூன்றாமிடத்துக்கு 18. மற்ற ஆறு பேரும் வெறுங்கையோடு எழுந்து போக வேண்டியதுதான்.

இதுவரை 120 போட்டிகள் ஆடியிருக்கிறார். 10 முறை முதலிடம், 15 முறை இரண்டாமிடம், 25 முறை மூன்றாமிடம். "ஐந்தில் இரண்டு தடவைக்கு மேல் பரிசு வாங்குகிறேன். அப்படியும் கையில் காசு நிற்கவில்லை. எனக்கு அதிர்ஷ்டம் இல்லை என்றுதான் தோன்றுகிறது" என்பது அவர் குறை. சான்றாக ஓர் ஆட்டத்தை விவரித்திருக்கிறார். நான்கு பேர் மிச்சம், எல்லோரிடமும் ஏறக்குறைய 3,375 சிப். ப்ளைண்ட், அதாவது சீட்டு பார்க்குமுன் இருவர் கட்டாயம் போட வேண்டிய தொகை, 200/400: ஸ்மால் ப்ளைண்ட் 200, பிக் ப்ளைண்ட் 400. முதல் இருவரும் ஃபோல்ட் செய்ய (சீட்டைப் போட்டுவிட்டு விலக), ஸ்மால் ப்ளைண்டில் இருந்தவர் ஆல்-இன் போட்டார், அதாவது மொத்தச் சிப்பையும் வைத்தார். பிக் ப்ளைண்டில் நம் வாசகர். கையில் ஏஸ்-ஜாக், வெவ்வேறு ஜாதி. கால் செய்தார், அதாவது ஈடாகத் தன் சிப்பையும் வைத்தார். எதிராளி ஜோடி எட்டைத் திருப்பினார், அது கடைசிவரை நின்றது. நான்காமிடம்.

அவர் கேட்பவை மூன்று. அந்தக் கால் சரியா? நண்பரோடு ஒரே டேபிளில் உட்காரலாமா? கைவசம் இருக்கும் 600-ஐ வைத்து, ஐந்து மடங்கு பெரிய டேபிளுக்குப் போய் நஷ்டத்தை எடுத்துவிடலாமா?

அன்புள்ள வாசகருக்கு,

இந்தச் சின்னப் போட்டிகளுக்குப் பயிற்சி தருபவன் என்ற முறையில் எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை, கடைசியில் விழுந்த ஒரு சீட்டைத் திட்டி எழுதியவை. நீங்கள் எண்ணிக்கைகளையும் சிப் கணக்கையும் சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள். அதனால் பேசுவதற்கு விஷயம் இருக்கிறது.

முதலில் அந்த ஏஸ்-ஜாக்.

நீங்கள் போட்ட கணக்கு எனக்குப் புரிகிறது. ஏற்கெனவே 400 உள்ளே இருக்கிறது, இன்னும் 2,975 போட்டால் 6,750 வரும். 44 சதவீதம் ஜெயிக்கும் கை இருந்தாலே போதும். ஜோடி எட்டுக்கு எதிராகக்கூட ஏஸ்-ஜாக் சுமார் 45 சதவீதம் ஜெயிக்கும். ஆகவே கால் சரி, சீட்டுதான் காலை வாரிவிட்டது என்று முடித்துவிட்டீர்கள். சிப்பையே காசாக வைத்து ஆடும் கேஷ் டேபிளில் இது சரியான கணக்கு. ஆனால் நீங்கள் உட்கார்ந்திருந்த டேபிளில் சிப்புக்குக் காசு தருவதில்லை, இடத்துக்குத்தான் தருகிறார்கள். மொத்தம் 13,500 சிப்பையும் வாரிக்கொண்டவருக்கும் 90 கிடைப்பதில்லை, 45-தான் கிடைக்கிறது. இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் மற்ற எல்லாம் வருகின்றன.

சிப்பைக் காசாக மாற்றிப் பார்க்க ஒரு வழி உண்டு. உங்களிடம் மொத்தச் சிப்பில் எத்தனை பங்கு இருக்கிறதோ, அதுவே நீங்கள் முதலிடம் பிடிக்கும் வாய்ப்பு. வேறொருவர் முதலிடம் பிடித்தால், அவரை நீக்கிவிட்டு, மிச்சச் சிப்பில் உங்கள் பங்கைப் பார்த்தால் இரண்டாமிடத்துக்கான வாய்ப்பு கிடைக்கும். மூன்றாமிடத்துக்கும் இதே மாதிரிதான். குதிரைப் பந்தயத்தில் இரண்டாவது, மூன்றாவது வரும் குதிரைகளைக் கணிக்க ஹார்வில் என்பவர் 1973-ல் வெளியிட்ட முறை இது. போக்கர் எழுத்தாளர் மேசன் மால்முத் அதைப் போக்கருக்குக் கொண்டுவந்தார். ஆட்டக்காரர்கள் ஐ.சி.எம். என்று சொல்வது இதைத்தான்.

இதை உங்கள் கைக்குப் போட்டுப் பார்ப்போம். ஃபோல்ட் செய்திருந்தால் உங்களிடம் 2,975 சிப் மிஞ்சியிருக்கும். பரிசுத் தொகையில் அதன் மதிப்பு ஏறத்தாழ 20.7. கால் செய்து ஜெயித்திருந்தால் 6,750 சிப், மதிப்பு 34.5. தோற்றால் பூஜ்யம். அதாவது 34.5-ஐ எட்டுவதற்காக 20.7-ஐப் பணயம் வைத்திருக்கிறீர்கள். அதற்கு 44 சதவீதம் போதாது, 60 சதவீதம் வேண்டும். சிப் இரண்டு மடங்குக்கு மேல் பெருகுகிறது; காசோ ஒன்றேமுக்கால் மடங்கைக்கூடத் தொடுவதில்லை.

ஏஸ்-ஜாக் 60 சதவீதத்தைத் தொடுமா? எதிராளி கையைப் பார்க்காமலே ஆல்-இன் போடும் ஆசாமி என்றால் தொடும். எந்தக் கையாகவும் இருக்கலாம் என்ற நிலையில் அது 63 முதல் 64 சதவீதம் ஜெயிக்கும். ஆனால் அவர் அன்று அரைமணி நேரமாக ஒரு கையும் ஆடாமல் ஃபோல்ட் செய்துகொண்டிருந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவர் ஆல்-இன் போடுகிறார் என்றால் ஜோடி, பெரிய ஏஸ், நல்ல கிங் இப்படித்தான் இருக்கும். அந்தக் கைகளுக்கு எதிராக ஏஸ்-ஜாக் 60-ஐ எட்டாது. அவரிடம் ஜோடி எட்டு இருந்தது துரதிர்ஷ்டம் இல்லை, எதிர்பார்க்க வேண்டிய கைதான் அது.

அதே ஏஸ்-ஜாக் ஸ்மால் ப்ளைண்டில் உங்களிடம் இருந்து, நீங்கள் முதலில் ஆல்-இன் போட்டிருந்தால் அது அருமையான ஆட்டம். முதலில் போடுபவருக்கு ஜெயிக்க இரண்டு வழி: எதிராளி ஃபோல்ட் செய்யலாம், அல்லது கால் செய்து தோற்கலாம். கால் செய்பவருக்குச் சீட்டு மட்டும்தான் துணை. ஒருவர் ரைஸ் செய்த (பந்தயத்தை உயர்த்திய) பிறகு உள்ளே வர, நாம் முதலில் ரைஸ் செய்வதற்குத் தேவையானதைவிட நல்ல கை வேண்டும் என்று போக்கர் நூலாசிரியர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி சொன்ன இடைவெளி, பரிசு எல்லைக்கு ஒரு இடம் முன்னால் நிற்கும்போது மிக அகலமாகிவிடுகிறது. அந்தக் கட்டத்தைத்தான் பபிள் என்கிறோம்.

இன்னொருவர் சாகக் கிடக்கும்போது

இன்னும் கடுமையான நிலை ஒன்றைப் பாருங்கள். நான்கு பேரில் ஒருவரிடம் 6,000, உங்களிடம் 3,500, இன்னொருவரிடம் 3,500, கடைசி ஆளிடம் வெறும் 500. அந்த 500-காரர் அடுத்த பிக் ப்ளைண்டில் கிட்டத்தட்ட தீர்ந்துவிடுவார். இப்போது 6,000-காரர் ஆல்-இன் போடுகிறார். ப்ளைண்டில் கிடக்கும் சிப்பை விட்டுவிட்டு, மற்றதை மட்டும் தோராயமாகக் கணக்கிட்டால், ஃபோல்ட் செய்யும் உங்களுக்கு மதிப்பு 26.3. கால் செய்து ஜெயித்தால் 34.5. ஆக 76 சதவீதம் ஜெயிக்கும் கை வேண்டும்! எந்தச் சீட்டும் பார்க்காமல் போடுகிறார் என்று தெரிந்தாலும் ஜோடி பத்து 75 சதவீதம்தான். ஜோடி ஜாக் 77-ஐத் தாண்டுகிறது. ப்ளைண்டையும் சேர்த்தால் தேவை சில சதவீதம் குறையும். அப்போதும் ஏஸ்-கிங் சரிப்படாது. எந்தக் கைக்கும் எதிரான அதன் வாய்ப்பு 65 முதல் 67-தான்.

இதை நம்புவதற்கே என் மாணவர்களுக்குக் கொஞ்சம் நாளாகிறது. ஏஸ்-கிங்கைத் தூக்கிப்போடுவது கோழைத்தனமாகத் தெரிகிறது. ஆனால் 500-காரர் வெளியேறக் காத்திருப்பதற்கே உங்களுக்குக் கூலி கிடைக்கிறது. அந்தக் கூலியை விட்டெறிந்து ஒரு சூதில் இறங்க மிகப் பெரிய கை வேண்டும். 6,000-காரருக்கும் இது தெரியும், அதனால்தான் அவர் கண்டபடி ஆல்-இன் போடுகிறார். அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் அதையே செய்யுங்கள்.

ஐ.சி.எம். கணக்கு வேதவாக்கு இல்லை. அடுத்த கையில் ப்ளைண்ட் யார்மேல் விழப்போகிறது, யார் கெட்டிக்காரர் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. கணக்கு 60 என்று சொல்லி உங்கள் கை 59 என்றால் அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். 44-க்கும் 60-க்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைத் தவறவிடாமல் இருந்தால் போதும். இந்தக் கணக்கைப் போட்டுத்தரும் கருவிகள் உண்டு. அவற்றை ஆட்டம் முடிந்த பிறகு, ஆடிய கைகளைத் திருப்பிப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் நடுவே பயன்படுத்துவதைப் பெரும்பாலான தளங்கள் தடை செய்திருக்கின்றன.

25 மூன்றாமிடங்கள் சொல்லும் கதை

எனக்கு அந்த ஏஸ்-ஜாக்கைவிட உங்கள் முடிவுப் பட்டியல்தான் கவலை தருகிறது. 10 முதலிடத்தில் 450, 15 இரண்டாமிடத்தில் 405, 25 மூன்றாமிடத்தில் 450, ஆக வரவு 1,305. செலவு 120 தடவை 11, அதாவது 1,320. நஷ்டம் 15. பரிசு வாங்கிய ஆட்டங்கள் 50.

இப்போது வேறொருவரை எண்ணிக்கொள்ளுங்கள். அவருக்கு முதலிடம் 16, இரண்டாமிடம் 14, மூன்றாமிடம் 14. அவர் பரிசு வாங்கியது 44 தடவைதான், உங்களைவிட 6 குறைவு. ஆனால் வரவு 1,350. லாபம் 30. எத்தனை தடவை பரிசு வாங்கினோம் என்ற எண்ணிக்கையை அளவுகோலாக வைத்துக்கொண்டதுதான் உங்களைக் குழப்பியிருக்கிறது.

மூன்றாமிடம் இவ்வளவு ஏன் வருகிறது? விடை உங்கள் கடிதத்தின் நடுவிலேயே இருக்கிறது. "நான்கைந்து பேர் ஆனதும் நல்ல கை வரும்வரை பொறுமையாக ஃபோல்ட் செய்வேன், பெரும்பாலும் ஆயிரம் சிப்போடு உள்ளே நுழைந்துவிடுவேன்" என்கிறீர்கள். பொறுமை என்று நீங்கள் சொல்வது அந்தக் கட்டத்தில் தேய்மானம். 200/400-ல் நான்கு பேர் ஆடும்போது, நான்கு கைக்கு ஒருமுறை 600 சிப் உங்கள் கையைவிட்டுப் போகிறது. ஒரு சுற்று ஃபோல்ட், இன்னொரு சுற்று ஃபோல்ட் என்றிருந்தால் 3,375 என்பது 2,175 ஆகிவிடும். பரிசு எல்லையைத் தாண்டும்போது கையில் எலும்பும் தோலும்தான் இருக்கும். அதை வைத்து முதலிடம் எப்படி வரும்?

சிப் குறைந்தவரின் மிரட்டலும் எடுபடாது. 900 சிப்போடு நீங்கள் பட்டனிலிருந்து (ஸ்மால் ப்ளைண்டுக்கு முந்தைய இடம்) ஆல்-இன் போட்டு, ஸ்மால் ப்ளைண்ட் ஃபோல்ட் செய்தால், பிக் ப்ளைண்டில் இருப்பவர் இன்னும் 500 போட்டால் மொத்தம் 2,000-க்கு ஆடலாம். அவருக்கு 25 சதவீதம் போதும். ஏழு-இரண்டு போன்ற குப்பைக்கே ஏஸ்-கிங்குக்கு எதிராக மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. யாராக இருந்தாலும் கால் செய்துவிடுவார்கள்.

ஆக, ஆல்-இன் போட வேண்டிய இடத்தில் ஃபோல்ட் செய்கிறீர்கள், ஃபோல்ட் செய்ய வேண்டிய இடத்தில் கால் செய்கிறீர்கள். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் பாதிக் கோளாறு சரியாகிவிடும். உங்கள் சிப் பிக் ப்ளைண்டைப் போல் பத்து மடங்குக்குக் கீழே வந்ததும், சின்ன ரைஸ் போட்டுப் பார்ப்பது, சும்மா கால் செய்து ஃப்ளாப் (நடுவில் விழும் முதல் மூன்று பொதுச் சீட்டு) பார்ப்பது எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஆல்-இன் அல்லது ஃபோல்ட், அவ்வளவுதான். எல்லோரும் உங்களுக்கு முன் ஃபோல்ட் செய்து, நீங்கள் பட்டனிலோ ஸ்மால் ப்ளைண்டிலோ இருந்து, பின்னால் இருப்பவர் பயந்து ஆடுபவர் என்றால் எந்த ஏஸும், எந்த ஜோடியும், கிங்-ஒன்பது, க்வீன்-பத்து போன்றவையும் ஆல்-இன் போடத் தகுந்தவை. சண்டையில்லாமல் கிடைக்கும் 600 சிப், 3,000 வைத்திருப்பவருக்கு ஐந்தில் ஒரு பங்கு.

பின்னால் இருப்பவர் எதற்கும் கால் செய்யும் ரகமா? அப்படியென்றால் இந்தப் பட்டியலைச் சுருக்கிக்கொள்ளுங்கள். பபிளில் தப்பாகக் கால் செய்பவர் தன் காசையும் உங்கள் காசையும் சேர்த்து எரிக்கிறார். அதில் லாபம் அடைபவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கும் மற்ற இருவர்.

மூன்று பேர் ஆனதும் கணக்கு தளர்கிறது. 18 எல்லோருக்கும் உறுதி. அதன்மேல் இரண்டாமிடத்துக்கு 9-தான் கூடுதல், முதலிடத்துக்கோ 27. அப்போது நிம்மதிப் பெருமூச்சு விட்டுப் பதுங்காதீர்கள், கையைத் திறந்து ஆட வேண்டிய நேரம் அது. இருவர் மட்டும் மிஞ்சினால் ஐ.சி.எம்.-ஐ மறந்துவிடலாம். அங்கே சிப் கணக்கும் காசுக் கணக்கும் ஒன்றாகிவிடுகின்றன. உங்களுக்குப் பழக்கமான 44 சதவீதம் அங்கே செல்லும்.

ஆரம்பக் கட்டத்தைப் பற்றி நீங்கள் அதிகம் கேட்கவில்லை, நானும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்பது பேரும் 1,500 சிப்போடு தொடங்கும்போது, முதல் கையிலேயே இரட்டிப்பாக்கினாலும் உங்கள் 10-இன் மதிப்பு 20 ஆவதில்லை, 18.25-தான் ஆகிறது. முதல் கையில் எல்லாவற்றையும் வைக்க 55 சதவீதம் வேண்டும். ஆகவே பாதிக்குப் பாதி சூதுகளைத் தவிர்த்து, 10/20, 15/30 ப்ளைண்ட்களில் பெரிய ஜோடிகளையும் மலிவாகப் பார்க்கக் கிடைக்கும் சின்ன ஜோடிகளையும் மட்டும் ஆடுங்கள். இதை நீங்கள் ஏற்கெனவே ஒழுங்காகச் செய்வதாகத்தான் தெரிகிறது.

நண்பரோடு ஒரே டேபிளில்

"சீட்டைக் காட்டிக்கொள்ள மாட்டோம், பரிசில் மட்டும் 25 சதவீதம் மாற்றிக்கொள்வோம், ஒருவரை ஒருவர் வெளியேற்றாமல் பார்த்துக்கொள்வோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசி வார்த்தைகளைத் திரும்பப் படியுங்கள். ஒருவரை ஒருவர் வெளியேற்றாமல் ஆடுவதே கூட்டுச் சதிதான், சீட்டைக் காட்டினாலும் காட்டாவிட்டாலும். நான்கு பேர் மிஞ்சியிருக்கும்போது உங்கள் நண்பர் உங்கள் ஆல்-இன்னுக்கு நல்ல கையைத் தூக்கிப்போட்டால், அந்த லாபம் மற்ற இருவரின் பரிசு வாய்ப்பிலிருந்து எடுத்தது. சின்ன டேபிளில் இது உடனே தெரிந்துவிடும். நடத்துபவர்கள் கைகளின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்துக் கணக்கை முடக்கினால், நீங்கள் நேர்மையாக ஜெயித்ததும் சேர்ந்து முடங்கும். விதிகளை ஏற்றுக் கையொப்பமிட்ட பிறகு உங்கள் பக்கம் வாதிட ஒன்றும் இருக்காது.

பங்கு மாற்றிக்கொள்வது பழக்கத்தில் உள்ளதுதான். வெவ்வேறு டேபிள்களில், எழுதி வைத்துக்கொண்டு, நடத்துபவரின் விதி அனுமதித்தால் செய்யுங்கள். ஒரே டேபிள் வேண்டாம்.

இதோடு சேர்த்து ஒரு விஷயம். பணம் வைத்துப் போக்கர் ஆடுவது சில இடங்களில் உரிமத்தோடு நடக்கிறது, சில இடங்களில் குற்றம். நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டம் என்ன, ஜெயித்ததற்கு வரி உண்டா என்பதை நீங்களே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். உரிமம் இல்லாத இடத்தில் ஆடிப் பணம் மாட்டிக்கொண்டால் கேட்க நாதி இருக்காது.

பெரிய டேபிளுக்குப் போகலாமா?

வேண்டாம். காரணம் திறமை இல்லை என்பதல்ல. 120 ஆட்டத்தில் உங்களுக்குத் திறமை இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லோரும் சம பலம் என்று வைத்துக்கொண்டால் சராசரி ஆட்டக்காரர் 120 ஆட்டத்தில் 120 இழப்பார், கட்டணம் அவ்வளவு. நீங்கள் 15-தான் இழந்திருக்கிறீர்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பரிசு அமைப்பில், 120 ஆட்டத்தில் சீட்டு விழும் விதத்தால் மட்டுமே 170 மேலோ கீழோ போவது சர்வ சாதாரணம். கிட்டத்தட்ட 15 நுழைவுத் தொகை. உங்கள் நஷ்டம் இந்த அலைக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே அதிர்ஷ்டம் இல்லை என்ற முடிவுக்கும் ஆதாரம் இல்லை, கெட்டிக்காரர் என்ற முடிவுக்கும் இல்லை.

கையிருப்பைப் பாருங்கள். 600 என்பது இப்போதைய டேபிளில் 54 நுழைவுத் தொகை. 50 முதல் 100 வரை வைத்திருக்கச் சொல்வது வழக்கம், அதன் கீழ் எல்லையில் இருக்கிறீர்கள். 55 கட்ட வேண்டிய டேபிளில் அதே 600 வெறும் 10 தடவைக்குத்தான் வரும். 15 தடவை அளவுக்குச் சரிவது சாதாரணம் என்று இப்போதுதான் பார்த்தோம். எதிராளிகள் இதே தரம் என்று வைத்துக்கொண்டாலும் இந்தக் கையிருப்பு தாங்காது, அங்கே தரமும் கூடும். 15-ஐ மீட்க 600-ஐ வைப்பது நீங்கள் ஏஸ்-ஜாக்கில் செய்ததைவிட மோசமான கால்.

கடிதத்தின் ஓரத்தில், இந்த 600-ல் ஒரு பகுதி கைமாற்று வாங்கியது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை முதலில் திருப்பிக் கொடுங்கள். மிச்சம் இருப்பதற்கு ஏற்றாற்போல் சின்ன டேபிளில் ஆடுங்கள். திருப்பிக் கொடுக்க மனம் வராமல், இன்னும் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுக் கொடுக்கலாம் என்று தோன்றினால், போக்கர் பயிற்சியாளர் உங்களுக்கு உதவ முடியாது. சூதாட்டப் பழக்கத்துக்கென்று இருக்கும் மனநல ஆலோசகரிடம் போங்கள்.

அப்படி இல்லையென்றால், அடுத்த 300 ஆட்டங்களுக்கு முடிவோடு இரண்டு விஷயங்களையும் குறித்து வையுங்கள். நான்கு பேர் ஆனபோது உங்களிடம் எவ்வளவு சிப் இருந்தது? அந்தக் கட்டத்தில் உங்கள் சிப் முழுவதும் உள்ளே போன ஒவ்வொரு முறையும், முதலில் போட்டது நீங்களா, எதிராளியா? அந்தப் பட்டியலோடு மறுபடி எழுதுங்கள். டேபிள் மாற்றுவதைப் பற்றி அப்போது பேசலாம்.